'100 எம்பிபிஎஸ்' வாங்கியும் வீடியோ கால் திணறுவது ஏன்? வேகம் மட்டும் போதாது, 'டிக்'கையும் கேளுங்க!

நெல்லை டவுணில் மாலை 7 மணி. ரதவீதிகளில் கூட்டம் நெருக்குகிற அதே நேரத்தில்தான் வீடுகளுக்குள் இணையமும் நெருக்கும். ஒரு அறையில் மகன் பெங்களூரு அலுவலகத்தோடு மீட்டிங்கில் இருக்கிறார். இன்னொரு அறையில் பிள்ளைக்கு ஆன்லைன் டியூஷன். ஹாலில் ஓடிடி படம். துபாயில் இருக்கும் பேரனோடு வீடியோ காலில் பேசும் ஆச்சிக்கு மட்டும் பாதி வார்த்தைதான் வந்து சேர்கிறது. "ஏல, சத்தம் விட்டு விட்டு வருது. என்ன சொல்லுத?"

உடனே இணைப்பு கொடுத்தவருக்கு போன் போகும். "அண்ணாச்சி, ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க. நூறு காட்டுதா, இல்லையா?" போட்டுப் பார்த்தால் 98, 99 என்று காட்டுகிறது. அதற்குமேல் பேச எதுவும் இல்லை. போனை வைத்துவிட வேண்டியதுதான்.

டவுணில் மட்டுமல்ல, பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் பல வீடுகளில் நடக்கிற காட்சி இது. இதில் வேடிக்கை என்னவென்றால், இருவருமே பொய் சொல்லவில்லை. 100 எம்பிபிஎஸ் உண்மையாகவே வருகிறது. ஆச்சிக்குச் சத்தம் விட்டு விட்டுக் கேட்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளும் ஒரே வீட்டில் எப்படி இருக்க முடியும்? வைஃபை சிக்னல், தூரம், பழைய மோடம் என்று இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் யாரும் பேசாத ஒன்று உண்டு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குள் இருக்கும் கடிகாரம் விநாடிக்கு எத்தனை முறை 'டிக்' அடிக்கிறது என்பதுதான் அது.

'ஷேப்பிங்' என்றால் என்ன?

ஃபைபர் இழைக்கு 50, 100, 200 என்றெல்லாம் கணக்கு தெரியாது. வீட்டுக்கு வரும் கம்பியால் பெரும்பாலும் வாங்கிய பிளானைவிட அதிக வேகத்தைச் சுமக்க முடியும். 100 எம்பிபிஎஸ் பிளான் வாங்கியவருக்கு 100 மட்டும் போக வேண்டும் என்றால், நடுவில் ஏதோ ஒரு கருவி அளந்து விட வேண்டும். அந்த அளந்து விடும் வேலைக்குத்தான் 'டிராஃபிக் ஷேப்பிங்' என்று பெயர். மாத டேட்டா அளவு தீர்ந்ததும் வேகம் குறைவதும் இதே முறையில்தான்.

பெரிய நிறுவனங்களின் பெரிய கருவிகளில் இந்த வேலையைத் தனிச் சில்லுகளே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் சிறிய ஆபரேட்டர்கள், கல்லூரிகள், ஹோட்டல்கள், அலுவலகங்களில் அப்படி இல்லை. அங்கே இதைச் செய்வது பெரும்பாலும் ஒரு சாதாரண கணினியோ, சின்ன ரவுட்டரோதான். உள்ளே ஓடுவது லினக்ஸ், இல்லையென்றால் ஃப்ரீபிஎஸ்டி போன்ற இயங்குதளம். இந்தியாவின் சிறு ஆபரேட்டர்களிடம் பரவலாக இருக்கும் மைக்ரோடிக் ரவுட்டரின் 'ரவுட்டர் ஓஎஸ்' கூட லினக்ஸ் கெர்னல் மேல் கட்டப்பட்டதே. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக்கரு. எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான்.

சுத்தமல்லி மடையை வைத்துப் பார்ப்போம்

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு அளந்து விடுவதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் இருந்து பிரியும் கால்வாய்களில் காருக்கும் பிசானத்துக்கும் தண்ணீர் விடுகிறார்கள். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுணுக்குள் வந்து நயினார்குளம் வரை போகிறது.

ஒரு சின்ன கற்பனை. ஒரு கிளை வாய்க்காலுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று ஒதுக்கீடு இருக்கிறது. மடையில் நிற்பவர் மடையைக் கொஞ்சமாகத் திறந்து நாள் முழுக்கச் சீராக விடலாம். அல்லது மணி அடிக்கும்போது மட்டும் வந்து, அந்த ஒரு மணி நேரத்துக்கான தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டு மூடிவிட்டுப் போகலாம். மாலையில் கணக்கு பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் வயலில் அப்படி இல்லை. முதல் முறையில் பயிர் நனையும். இரண்டாம் முறையில் வரப்பு உடையும், பாதித் தண்ணீர் வழிந்து ஓடும், அடுத்த மணி வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும்.

கணினியில் நடப்பதும் இதேதான். கெர்னலுக்குள் ஒரு டைமர் இருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் அது 'டிக்' அடித்து கெர்னலை எழுப்பும். விநாடிக்கு எத்தனை டிக் என்பதை லினக்ஸ் உலகில் 'ஹெச்.இசட்' என்ற எண்ணால் குறிப்பிடுகிறார்கள். 100 என்றால் 10 மில்லி விநாடிக்கு ஒரு டிக். 250 என்றால் 4 மில்லி விநாடிக்கு ஒன்று. 1000 என்றால் 1 மில்லி விநாடிக்கு ஒன்று. மடைக்காரர் எத்தனை மணிக்கு ஒருதடவை எட்டிப் பார்க்கிறார் என்பதுதான் இந்த எண்.

கணக்கு போட்டுப் பார்த்தால்...

ஷேப்பிங்கில் அதிகம் பயன்படும் முறைக்கு 'டோக்கன் பக்கெட்' என்று பெயர். ஒரு வாளியில் டோக்கன்கள் சீராக வந்து விழுந்துகொண்டே இருக்கும். டோக்கன் இருந்தால்தான் டேட்டா பாக்கெட் வெளியே போகலாம். டோக்கன் தீர்ந்துவிட்டால் காத்திருக்க வேண்டும். வாளி நிறைந்துவிட்டால் அதற்குமேல் விழும் டோக்கன் வீண். அந்த வாளியின் கொள்ளளவுதான் 'பர்ஸ்ட்'. ஒரே மூச்சில் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கான உச்சவரம்பு அது.

100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 1.25 கோடி பைட். ஒரு முழுப் பாக்கெட் 1,500 பைட். அப்படியென்றால் விநாடிக்குச் சுமார் 8,333 பாக்கெட்டுகள். சீராக விட்டால் 0.12 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட் போக வேண்டும்.

ஆனால் கெர்னல் டிக் அடிக்கும்போது மட்டும்தான் விழித்துப் பார்க்கிறது என்றால்?

- ஹெச்.இசட் 100: ஒவ்வொரு டிக்கிலும் 1,25,000 பைட், அதாவது 83 பாக்கெட்டுகள் மொத்தமாகப் போக வேண்டும்.
- ஹெச்.இசட் 250: ஒரு டிக்குக்கு 50,000 பைட், சுமார் 33 பாக்கெட்டுகள்.
- ஹெச்.இசட் 1000: ஒரு டிக்குக்கு 12,500 பைட், சுமார் 8 பாக்கெட்டுகள்.

இதில் இரண்டு விதமாகச் சிக்கல் வருகிறது. முதலாவது, வாளி சின்னதாக இருந்தால். உதாரணத்துக்கு, ஒருவர் பர்ஸ்ட் அளவை 15,000 பைட் என்று வைத்துவிட்டார். வெறும் 10 பாக்கெட். ஹெச்.இசட் 100 கருவியில் விநாடிக்கு 100 முறைதான் வாளி காலியாகும். 15,000 பைட்டை 100 ஆல் பெருக்கினால் 15 லட்சம் பைட். அது வெறும் 12 எம்பிபிஎஸ்! செட்டிங்கில் 100 என்று எழுதியிருக்கும், வீட்டுக்கு வருவது 12. அதே செட்டிங்கை ஹெச்.இசட் 250 உள்ள கருவியில் போட்டால் 30 கிடைக்கும். ஹெச்.இசட் 1000 என்றால் முழு 100-உம் கிடைக்கும். கட்டளை ஒன்றுதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது கடிகாரம் மட்டுமே.

லினக்ஸில் இந்த ஷேப்பிங் கருவிக்கான கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. 10 எம்பிபிஎஸ் வேகத்துக்குக் குறைந்தது 10 கிலோபைட் பர்ஸ்ட் வேண்டும் என்கிறது அது. ஹெச்.இசட் 100 ஆக இருந்த காலத்துக் கணக்கு அது.

இரண்டாவது, வாளி பெரிதாக இருந்தால். வேகம் சரியாக 100 வந்துவிடும். ஸ்பீடு டெஸ்ட்டும் திருப்தியாக 99 காட்டும். ஆனால் எப்படி வருகிறது? 83 பாக்கெட்டுகள் ஒரு ஜிகாபிட் கம்பியில் 1 மில்லி விநாடிக்குள் பாய்ந்துவிடும். அடுத்த 9 மில்லி விநாடிக்கு ஒன்றுமே வராது. மறுபடி ஒரு பாய்ச்சல், மறுபடி மௌனம்.

சராசரி சரி, அப்புறம் என்ன பிரச்சினை?

ஸ்பீடு டெஸ்ட் என்பது சில விநாடிகள் ஓடும் சோதனை. அதற்குள் எத்தனை பாய்ச்சல், எத்தனை மௌனம் என்று அது பார்ப்பதில்லை. மொத்தம் எவ்வளவு வந்தது என்று கூட்டி, விநாடியால் வகுத்துச் சொல்கிறது. படம் பார்ப்பவருக்கும் கவலை இல்லை. ஓடிடி செயலி முன்கூட்டியே சில விநாடிப் படத்தை வாங்கிச் சேமித்து வைத்திருக்கும்.

குரலுக்கு அந்த வசதி கிடையாது. இணையவழி அழைப்புகளில் வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒரு குரல் பாக்கெட், விநாடிக்கு 50 என்று போகும். அது வரிசையில் மாட்டினால் அடுத்த டிக் வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை உடனே போகும், ஒருமுறை 9 மில்லி விநாடி கழித்துப் போகும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு 'ஜிட்டர்' என்று பெயர். ஒரு இடத்தில் மட்டும் என்றால் காது கண்டுபிடிக்காது. ஆனால் வீட்டு ரவுட்டர், தெருமுனைக் கருவி, ஆபரேட்டரின் சர்வர் என ஒவ்வொரு படியிலும் இப்படிச் சேர்ந்தால்? ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. நெல்லையில் இருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகும் அழைப்பில் தூரமே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பதை உள்ளூர்க் கருவி வீணாக்கக் கூடாது.

பாய்ச்சலால் இன்னொரு கெடுதலும் உண்டு. வழியில் இருக்கும் மலிவான ஸ்விட்ச்சுகளில் சேமிப்பு இடம் குறைவு. ஒரே மூச்சில் 83 பாக்கெட் வந்தால் கடைசிச் சில பாக்கெட்டுகள் கொட்டிப்போகும். வரப்பு உடைவது இங்கேதான். பாக்கெட் தொலைந்ததைப் பார்த்த டிசிபி, பாதையில் நெரிசல் என்று நினைத்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உண்மையில் நெரிசலே இல்லை. அளந்து விட்டவரின் கடிகாரம் முரட்டுத்தனமாக இருந்தது, அவ்வளவுதான்.

100, 1000, 250: ஒரு எண்ணின் பயணம்

இன்டெல் வகைக் கணினிகளில் லினக்ஸின் ஹெச்.இசட் ஆரம்பத்தில் 100 ஆக இருந்தது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலில் அது ஒரேயடியாக 1000 ஆனது. கணினியின் துடிப்பு பத்து மடங்கு நுணுக்கமானது. ஆனால் விநாடிக்கு ஆயிரம் முறை எழுப்பினால் ப்ராசஸர் எப்போது தூங்கும்? மடிக்கணினிகளின் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்ற வாதம் எழுந்தது. 2005-இல் வந்த 2.6.13 கெர்னலில் சமரசம் ஏற்பட்டது. 100, 250, 1000 என மூன்றில் எது வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம், எதுவும் சொல்லாவிட்டால் 250. இன்றும் பல லினக்ஸ் விநியோகங்களில் அந்த 250-தான் நடைமுறையில் இருக்கிறது.

நிஜமான தீர்வு வேறு வழியில் வந்தது. டிக்குக்காகக் காத்திருக்காமல், தேவைப்படும் நுண்விநாடியில் எழுப்பும் 'ஹை ரெசல்யூஷன் டைமர்' 2006, 2007-இல் லினக்ஸுக்குள் நுழைந்தது. பாக்கெட்டுகளை அளந்து விடும் பகுதியும் 2007-இல் அதற்கு மாறியது. அதாவது, மடைக்காரர் மணி அடிப்பதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த முறை எப்போது திறக்க வேண்டுமோ அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டார்.

அப்போ 2007-லேயே தீர்ந்த பிரச்சினைதானே?

நியாயமான கேள்வி. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். ஆனால் 'தீர்வு வந்துவிட்டது' என்பதும் 'தீர்வு நம் தெருவுக்கு வந்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. அதற்கு நான்கு காரணங்கள்.

ஒன்று, எல்லாக் கருவியிலும் லினக்ஸ் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் ஷேப்பிங் செய்யும் 'டம்மிநெட்' என்ற பகுதி, இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூய்ஜி ரிட்ஸோ 1990-களில் உருவாக்கியது. அது கெர்னல் டிக்கை நம்பியே வேலை செய்கிறது. அலுவலகங்களும் கல்லூரிகளும் இலவசமாகப் பயன்படுத்தும் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலில் 'லிமிட்டர்' என்ற பெயரில் வேகம் குறைப்பது இந்த டம்மிநெட்தான். நேரடியாக ஒரு கணினியில் போட்டால் விநாடிக்கு 1000 டிக். அதையே மெய்நிகர் கணினிக்குள், அதாவது 'விஎம்'முக்குள் போட்டால், ஃப்ரீபிஎஸ்டி பல ஆண்டுகளாகத் தானாகவே 100 டிக்குக்கு இறங்கிவிடும். ஒரு சர்வரை மிச்சம் பிடிக்கலாம் என்று ஃபயர்வாலை விஎம்முக்கு மாற்றும் கல்லூரிக்கு, கடிகாரமும் மாறிவிட்டது என்று யார் சொல்வது?

இரண்டு, பழைய செட்டிங். இணையத்தில் கிடைக்கும் ஷேப்பிங் கட்டளைகளில் பல, ஹெச்.இசட் 100 காலத்தில் எழுதப்பட்டவை. அந்தக் காலக் கணக்கில் வைத்த பர்ஸ்ட் எண்ணை அப்படியே நகலெடுத்து, இன்றைய 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் போடுவது நடக்கிறது.

மூன்று, பழைய பெட்டி. ஒரு சிறு ஆபரேட்டர் ஒருமுறை வாங்கிய ரவுட்டர் வேலை செய்யும் வரை மாறாது. மைக்ரோடிக்கின் 6-ஆம் பதிப்பு 3.3.5 என்ற கெர்னலில் ஓடுகிறது. 7-ஆம் பதிப்பு 5.6.3 கெர்னலுக்கு மாறியது. வரிசையைப் புத்திசாலித்தனமாகக் கையாளும் 'எஃப்கியூ கோடெல்', 'கேக்' போன்ற முறைகள் இந்த 7-இல்தான் கிடைக்கின்றன. அப்டேட் செய்தால் ஏதாவது நின்றுபோகுமோ என்ற பயத்தில் பழையதிலேயே காலத்தை ஓட்டுபவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ராத்திரி ஒரு மணி நேரம் இணைப்பு போனால் ஐம்பது பேர் போன் செய்வார்கள்.

நான்காவது காரணம், லினக்ஸுக்குள்ளேயே எல்லாம் புது டைமருக்கு மாறிவிடவில்லை என்பது. இதற்கு நல்ல உதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது.

சூரத்கல்லில் இருந்து ஒரு பாடம்

மங்களூரு அருகே சூரத்கல்லில் இருக்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் மோஹித் தஹிலியானியும் அவருடைய மாணவர்களும் 'பை' என்ற வரிசை மேலாண்மை முறையில் வேலை செய்தார்கள். வரிசை நீண்டு தாமதம் ஏறுவதற்கு முன்பே சில பாக்கெட்டுகளைக் கைவிட்டு, அனுப்புபவரை நிதானிக்க வைக்கும் முறை இது. லினக்ஸில் இருந்த 'பை' நிரலை 2017-இல் வெளியான ஆர்எஃப்சி 8033 தரத்துக்கு ஏற்பத் திருத்தியவர்கள் இவர்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைக்கும் 'எஃப்கியூ பை' முறையையும் எழுதினார்கள். 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலில் அது இடம்பெற்றது. உலகம் முழுக்க ஓடும் கெர்னலில் இந்திய மாணவர்களின் கைவேலை இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்த 'பை' முறை 15 மில்லி விநாடிக்கு ஒருமுறை வரிசையைப் பார்த்து, எவ்வளவு கைவிடலாம் என்று கணக்கு போட வேண்டும் என்பது தரம். ஆனால் லினக்ஸில் அந்த 15 மில்லி விநாடி, டிக் எண்ணிக்கையாகத்தான் மாற்றப்படுகிறது. பாதி டிக் என்று ஒன்று கிடையாது, மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். ஹெச்.இசட் 1000 என்றால் 15 டிக், சரியாக 15 மில்லி விநாடி. ஹெச்.இசட் 250 என்றால் 4 டிக், 16 மில்லி விநாடி. ஹெச்.இசட் 100 என்றால் 2 டிக், 20 மில்லி விநாடி. தரத்தில் எழுதியது ஒன்று, பெட்டியில் ஓடுவது மூன்றில் ஒரு பங்கு அதிகம். இதனால் இணையம் நின்றுவிடாது என்பது உண்மை. ஆனால் கணக்கில் வராத இந்த ஒரு எண், நிரல் எழுதியவரின் நோக்கத்தையே சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறது.

எல்லாவற்றையும் 1000 ஆக்கிவிட்டால் போதாதா?

போதாது. ஒவ்வொரு டிக்கும் ப்ராசஸரின் நேரத்தைக் கொஞ்சம் தின்னும். சின்ன ரவுட்டருக்குள் இருப்பது சின்ன ப்ராசஸர். பாக்கெட் பாக்கெட்டாக மிக நுணுக்கமாக அளக்கச் சொன்னால் 300 எம்பிபிஎஸ்ஸிலேயே அதற்கு மூச்சு வாங்கும். அப்போது வேகமே குறையும். மடைக்காரரை நிமிடத்துக்கு நூறு தடவை ஓடச் சொன்னால் அவர் விழுந்துவிடுவார். அதனால் ஒரு மில்லி விநாடிக்குப் போகும் அளவை மட்டும் பர்ஸ்ட்டாக வைப்பது நல்ல நடுவழி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அது 12,500 பைட். ஹை ரெசல்யூஷன் டைமர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லாத கருவியில் பர்ஸ்ட்டை இப்படிக் குறைத்தால், மேலே சொன்ன 12 எம்பிபிஎஸ் கதைதான் நடக்கும்.

அதைவிட நல்ல யோசனை 2018-இல் லினக்ஸுக்குள் வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் 'இத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்' என்று நேரத்தை எழுதி அனுப்பும் முறை அது. வாளி, டோக்கன் என்று காத்திருப்பதற்குப் பதில் பஸ் ஸ்டாண்டு கால அட்டவணை மாதிரி. பெரிய டேட்டா சென்டர்களுக்கு உகந்த முறை. தெருமுனைப் பெட்டிக்கு வந்து சேரக் காலம் ஆகும்.

இது ஏன் தொழில்நுட்பக்காரர்களின் விவகாரம் மட்டும் இல்லை?

இந்தியாவில் இணையத்தின் தரம் என்றாலே வேகம்தான் என்று பழக்கிவிட்டார்கள். விளம்பரப் பலகையில் இருப்பது ஒரே ஒரு எண். பிராட்பேண்டுக்கான அரசின் விளக்கமும் வேகத்தை வைத்துத்தான். 2023-இல் அது 512 கேபிபிஎஸ்ஸில் இருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தப்பட்டது. இணையச் சமநிலை பற்றிய விவாதமும், 2018-இல் அரசு ஏற்ற விதிகளும், எந்த டேட்டாவைத் தடுக்கலாம், எதைத் தடுக்கக் கூடாது என்று பேசின. அளந்து விடும்போது எவ்வளவு சீராக விட வேண்டும் என்ற பேச்சே எழவில்லை.

டிராய் வெளியிட்டு 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத் தர விதிகளில் தாமதமும் பாக்கெட் இழப்பும் அளவுகோல்களாக இருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் சும்மா இருக்கும் லைனில் எடுக்கும் தாமத அளவு, வாடிக்கையாளருக்கு அதிகம் உதவாது. காலை 5 மணிக்கு ரதவீதியில் நடந்து பார்த்துவிட்டு 'நெரிசலே இல்லை' என்று அறிக்கை எழுதுவது மாதிரி அது. லைன் நிரம்பி ஓடும்போது தாமதம் எவ்வளவு என்பதை அளக்க வேண்டும். அதைத்தான் வெளியிட வேண்டும்.

இதில் யாருக்கு நஷ்டம்? ஊரில் இருந்தபடியே வெளியூர் கம்பெனிக்கு வேலை பார்க்கும் இளைஞருக்கு. மீட்டிங்கில் குரல் உடைந்தால் "உங்க ஊர் நெட் சரியில்ல" என்பார்கள், அடுத்த முறை 'ஆபீசுக்கே வந்துருங்க' என்பார்கள். ஆன்லைன் தேர்வு எழுதும் மாணவிக்கு நஷ்டம். வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் முதியவருக்கு நஷ்டம். இனி கிராமங்களுக்கும் இதே கேள்வி வரும். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பணியை டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. ஊராட்சி வரை ஃபைபர் வந்தாலும், அங்கிருந்து வீட்டுக்கு அளந்து விடப் போவது ஒரு சின்னப் பெட்டிதான். அந்தப் பெட்டிக்குள் என்ன கடிகாரம் என்பதை டெண்டரிலேயே கேட்டுவிட்டால் நல்லது.

யார், என்ன செய்யலாம்?

வாடிக்கையாளர்: ஸ்பீடு டெஸ்ட்டில் பெரிய எண்ணை மட்டும் பார்க்காமல், டவுன்லோடு நடக்கும்போது காட்டும் 'லேட்டன்சி' எண்ணையும் பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் தளமும் ஊக்லாவின் ஸ்பீடுடெஸ்ட்டும் இதைக் காட்டுகின்றன. முதலில் கம்பி வழியாக இணைத்துப் பார்ப்பது நல்லது, தப்பு வைஃபையில் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சும்மா இருக்கும்போது 20, டவுன்லோடின்போது 300 என்று ஏறினால் சிக்கல் வரிசையில் இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் படம் எடுத்து அனுப்பினால் 'நூறு காட்டுதா இல்லையா' என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆபரேட்டரும் கல்லூரி நெட்வொர்க் நிர்வாகியும்: கருவியின் கெர்னல் கட்டமைப்பில் ஹெச்.இசட் எவ்வளவு, ஹை ரெசல்யூஷன் டைமர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பர்ஸ்ட் அளவை நகலெடுக்காமல், வேகத்தை டிக் எண்ணிக்கையால் வகுத்துத் தாங்களே கணக்கு போட வேண்டும். எஃப்கியூ கோடெல், கேக் போன்ற முறைகள் இருந்தால் பயன்படுத்த வேண்டும். ஃபயர்வாலை விஎம்முக்கு மாற்றினால் டிக்கையும் சரிபார்க்க வேண்டும். இதில் எதற்கும் புதுக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றுக்குக் காசும் தேவையில்லை, ஒரு சாயங்காலம் போதும்.

அரசும் டிராயும்: பிளான் விளம்பரத்தில் வேகத்துக்குப் பக்கத்திலேயே 'நெரிசல் நேரத் தாமதம்' என்ற எண்ணும் கட்டாயமாக இருக்க வேண்டும். அது வந்துவிட்டால் கடிகாரத்தைச் சரிசெய்வது ஆபரேட்டருக்கே லாபமாகிவிடும். யாரும் துரத்த வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் இந்தப் பள்ளத்தாக்கு யாரிடமும் ஏமாறாது. கால்வாயில் எவ்வளவு விட்டார்கள் என்பதோடு, எப்போது விட்டார்கள், கடைமடைக்கு வந்ததா என்றும் கேட்கும். இணையத்துக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் இது. அடுத்த முறை "நூறு காட்டுதா?" என்று போனில் கேட்டால், பதிலுக்கு ஒரு கேள்வி போதும்: "நூறு வருது அண்ணாச்சி. ஆச்சி பேசும்போது லேட்டன்சி எவ்வளவு வருதுன்னு பாத்தியளா?"